வீட்டுக்குள் பிணக்கு, வீதியில் பிள்ளை



நம் பகுதியில் ஒரு பையன் தவறான வழியில் போய்விட்டான் என்ற செய்தி பரவியதும் எழும் முதற்கேள்வி, "யாரோடு சேர்ந்தான்?" என்பதுதான். சேர்க்கை சரியில்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் கூறுவர். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு வீட்டில் இருக்க விரும்பாமல் அவன் தெருமுனையில் ஏன் நின்றான்? வீட்டுக்குள் அவனை இருக்கவிடாமல் செய்தது எது? இதைக் கேட்கும் துணிவு நமக்குக் குறைவு. ஏனெனில் விடை பல நேரங்களில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கணவன் மனைவி இடையே ஓயாது நடக்கும் பூசலுக்கும், பருவ வயதுப் பிள்ளைகளின் ஆபத்தான போக்குகளுக்கும் உள்ள உறவை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் வாழ்க்கையை முன்வைத்துச் சிறிது சிந்திப்போம்.

எல்லையோர வாழ்க்கை

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூரின் முகம் மாறத் தொடங்கியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெரிய ஆலைகள் வந்தன; அவற்றை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் வந்தன. 2004ஆம் ஆண்டு தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், ஓசூரை அடுத்துக் கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலையும் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ளன.

வேலை தேடி வந்த குடும்பங்களில் நம்மவர்களும் ஏராளம். வாணியம்பாடி, ஆம்பூர், தர்மபுரி என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும், தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். உருது பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் ஒரே சந்தில் அடுத்தடுத்து இருக்கும். வந்தவர்கள் பாத்திரம் பண்டங்களைக் கொண்டுவந்தார்கள். கூட்டுக் குடும்பத்தைக் கொண்டுவர முடியவில்லை. ஊரில் இருந்தபோது மகனும் மருமகளும் குரலை உயர்த்தினால், "மஃரிப் நேரத்தில் என்ன சத்தம்?" என்று நன்னியம்மா ஒரு வார்த்தை போடுவார். சாச்சா வந்து பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். சண்டை நின்றுவிடாது, ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருந்தது. பிள்ளைக்கு ஒதுங்க ஒரு மடி இருந்தது.

இங்கே ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. கணவருக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட். மனைவிக்கு ஆடை ஆலையிலோ மின்னணு ஆலையிலோ காலை ஷிஃப்ட். அவர் வேலை முடிந்து வரும்போது இவர் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார். இருவரும் முகம் பார்த்துப் பேசக் கிடைக்கும் அரைமணி நேரத்தில் பேச வேண்டியவை வாடகை, குழுக்கடன் தவணை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், பள்ளிக் கட்டணம் ஆகியவையே. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் அடுத்த மாதம் வேலை உண்டா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். பேச்சு கணக்கில் தொடங்கிக் குற்றச்சாட்டில் முடிகிறது. நடுவில் சுவரில்லாத வீட்டில், பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளை உறங்கிவிட்டது என்று நாம் நம்புகிறோம்.

மக்தபில் பிள்ளைகளோடு பழகும் எவருக்கும் ஒன்று தெரியும். சில பிள்ளைகளுக்குத் தம் பள்ளியின் பாட அட்டவணையைவிட அத்தாவின் ஷிஃப்ட் அட்டவணை நன்றாக மனப்பாடம். "இந்த வாரம் அத்தா இரவு ஷிஃப்ட், ஹஜ்ரத்" என்று சொல்லும்போது அந்த முகத்தில் தெரியும் நிம்மதி, தந்தையிடம் பாசமில்லாததால் வருவதன்று. இரவில் சண்டை இருக்காது என்ற நிம்மதி அது.

பிள்ளையின் உள்ளத்தில் நடப்பது

இத்துறையில் அறிஞர்கள் பல்லாண்டுகளாக ஆய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலாளர்களான மார்க் கம்மிங்ஸ், பேட்ரிக் டேவிஸ் ஆகியோர் 1994இல் முன்வைத்த கருத்து, "உணர்வுப் பாதுகாப்பு" என்பதாகும். உணவும் உடையும் போலவே, "என் குடும்பம் உடைந்துவிடாது" என்ற உறுதியும் பிள்ளைக்குத் தேவை. அந்த உறுதி ஆட்டம் காணும்போது பிள்ளை இரவும் பகலும் காவலாளியாகிவிடுகிறது. தந்தை கதவைத் தள்ளும் ஓசையிலிருந்தும், தாய் பாத்திரத்தை வைக்கும் விதத்திலிருந்தும் அன்றைய வானிலையை அறிந்துகொள்கிறது. அத்தகைய பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நிற்காது, உறக்கம் வராது. சிறு சொல்லுக்கும் சீறும். அல்லது எதற்கும் அசையாத கல்லாகிவிடும்.

சிறு பிள்ளை அழும். இருவருக்கும் நடுவே வந்து நிற்கும். "என்னால்தான் சண்டை" என்று தன்னையே நொந்துகொள்ளும். பதின்ம வயதுப் பிள்ளை வீட்டை விட்டு வெளியேறிவிடும். ஆபத்து தொடங்குவது இங்கேதான். வெளியே அதன் வயதுடையவர்கள் காத்திருக்கிறார்கள். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேரைக் கணினியில் வாகனம் ஓட்டும் விளையாட்டில் ஈடுபடுத்தினர். 13 முதல் 16 வயதுடையவர்கள், தனியே ஆடியதைவிட நண்பர்கள் அருகில் இருந்தபோது மிக அதிகமாக ஆபத்தைத் தேடினர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் நல்லவனாக இருக்கும் பையன் கூட்டத்தில் வேறொருவனாகி விடுவதன் காரணம் இதுவே. அவன் எவ்வளவு நேரம் வீதியில் கழிக்கிறான் என்பதை முடிவு செய்வதில் வீட்டின் அமைதிக்குப் பெரும்பங்கு உண்டு.

இரண்டாவது வழி, கண்டிப்பு சிதறிப்போவது. தந்தை "பைக்கைத் தொடாதே" என்கிறார். அவர் மீதுள்ள கோபத்தில் தாய் சாவியை எடுத்துக் கொடுக்கிறார். தாய் பணம் தர மறுக்கிறார். தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள தந்தை நூறு ரூபாயை நீட்டுகிறார். இருவருக்கும் இடையே உள்ள இடைவெளியில் நடமாடப் பிள்ளை பழகிக்கொள்கிறது. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்க வேண்டிய இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்பதிலேயே களைத்துவிடுகின்றனர்.

மூன்றாவது, பார்த்துக் கற்பது. கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்று மகன் கற்கிறான். வலித்தாலும் வாய்திறக்கக் கூடாது என்று மகள் கற்கிறாள். அன்பான ஒரு சொல் வீட்டில் கிடைக்காதபோது, கைப்பேசியில் முன்பின் அறியாத ஒருவன் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதே அவளுக்குப் பேரன்பாகத் தெரிகிறது. விஷயம் வெளியே தெரிந்ததும் படிப்பை நிறுத்தி, வயது நிரம்பும் முன்பே நிக்காஹ் பேசத் தொடங்குகிறோம். பெண்ணுக்கு 18 வயது ஆகுமுன் திருமணம் செய்விப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். நம் பூசலிலிருந்து ஓட முயன்றவளை இன்னொரு பூசலுக்குள் தள்ளிவிடுகிறோம் என்பது மறுபுறம்.

எல்லை தரும் மறைவு

இவை எல்லா ஊர்களிலும் உள்ளவைதாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் எல்லையோர ஊருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, மாநிலமே மாறிவிடுகிறது. பேருந்தில் சிறிது நேரப் பயணத்தில், "இவன் இன்னார் மகன்" என்று அடையாளம் காண எவருமில்லாத இடத்தை ஒரு பையன் அடைந்துவிடலாம். சின்ன ஊர்களில் கண்டிப்பின் பாதியைத் தெருவே செய்துவிடும். இங்கே அந்தத் தெரு இல்லை.

பெங்களூருவையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரவெல்லாம் கனரக வாகனங்களைச் சுமந்து செல்கிறது. அதே சாலையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மீசை முளைக்காத பிள்ளைகள் மூவர் மூவராக ஒரே பைக்கில் பறக்கின்றனர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். இத்தனையும் தெரிந்திருந்தும் சாவி பிள்ளையின் கைக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் சமாதான விலையாகப் போகிறது. நேற்றிரவு அவன் கண்டதற்கும் கேட்டதற்கும் நாம் தரும் ஈடு அது.

தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட குட்கா பொட்டலங்கள் கர்நாடகத்திலிருந்து ஓசூர் வழியே கடத்தி வரப்பட்டுப் பிடிபடும் செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். நாம் அறியாத மற்றொன்றும் உண்டு. மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மையம் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்படும் ஒரே போதை, மூக்கால் உறிஞ்சும் பசை, கரைப்பான் வகைகளே. பெரியவர்களில் 0.58 விழுக்காடு; 10 முதல் 17 வயதுடையவர்களில் 1.17 விழுக்காடு. இவற்றை வாங்க எவரும் வயது கேட்பதில்லை. பட்டறைகள் நிறைந்த ஊரில் இவை கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன.

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்"

இந்தச் சொல்லை உச்சரிக்காத தாய் அரிது, தந்தையரும் சொல்வதுண்டு. சேர்ந்திருந்தால் போதும், பிள்ளைகள் தப்பிவிடுவர் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1971இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்கிறது. பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளை அவர் கவனித்தார். நோய் போன்ற காரணத்தால் பிரிய நேர்ந்தும், பெற்றோரிடையே நல்லுறவு இருந்த வீட்டுப் பிள்ளைகள் பெரிதும் தடம் புரளவில்லை. சேர்ந்து வாழ்ந்தும் ஓயாத பூசல் நிறைந்த வீட்டுப் பிள்ளைகளிடமே ஒழுக்கக் கேடுகள் மிகுந்திருந்தன. பிள்ளையைக் கெடுப்பது தூரத்தைவிடப் பூசலே என்பது அவர் கண்ட முடிவு.

இந்த முடிவு நம் வளைகுடாக் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதல். கடல் கடந்து உழைக்கும் தந்தை, வாரம் ஒருமுறை அன்போடு பேசினால் அவர் பிள்ளைக்கு அருகிலேயே இருக்கிறார். ஒரே பாயில் படுத்தும் பேசாத தந்தை தொலைவில் இருக்கிறார். ரட்டர் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. பூசல் நிறைந்த வீட்டிலும் தாய், தந்தை இருவரில் ஒருவரோடேனும் பிள்ளைக்கு நல்ல பாசப்பிணைப்பு இருந்தால் அது ஓரளவு அரணாக நிற்கிறது.

இதைப் படித்து, உடனே பிரிந்துவிடுவதே வழி என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பிரிந்த பின்னும் பிள்ளையை நடுவில் நிறுத்திக் கயிறிழுத்தால் பூசல் தொடரத்தான் செய்கிறது. சேர்ந்திருப்பதா, பிரிவதா என்பதைவிட, சண்டையை எப்படி முடிப்பது என்பதே பிள்ளைக்கு முக்கியம்.

சண்டையே இல்லாத வீடு உலகில் இல்லை. கம்மிங்ஸ் குழுவினரின் ஆய்வுகள் காட்டுவதும் இதுவே: கருத்து வேற்றுமை வந்து, அது நல்லபடி தீர்ந்ததைக் கண்ட பிள்ளையின் கலக்கம் பெரிதும் தணிகிறது. மூடிய அறைக்குள் சமாதானமாகி, பிறகு பிள்ளையிடம் "முடிந்துவிட்டதம்மா" என்று சொன்னாலும் பயன் உண்டு. நாமோ சண்டையைப் பிள்ளை முன் போடுகிறோம். சமாதானத்தை மறைவில் செய்துகொள்கிறோம். பிள்ளையின் கணக்கில் அந்தச் சண்டை முடிவதே இல்லை.

அடி என்பது பூசல் அன்று

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய்ப்பூசல் வேறு; கை நீட்டுவது வேறு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். எந்தச் சமயத்தவரும் "நம் வீடுகளில் இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாத எண்ணிக்கை இது.

வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 9,508 பெரியவர்களின் இளமைக்கால அனுபவங்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டனர். தாய் அடிபடுவதைக் காண்பது உட்பட 7 வகைத் துன்பங்களை அவர்கள் பட்டியலிட்டனர். அவற்றில் 4 அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் சிறுவயதில் அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து மற்றவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. நம் நாட்டின் கணக்கும் கவலை தருவதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவற்றில் 31.7 விழுக்காட்டுக்குக் குடும்பப் பிரச்சினையே காரணம் என்று பதிவாகியுள்ளது.

அடிபடும் சகோதரிக்குப் பொறுமையை மட்டும் போதிப்பது அறிவுரை ஆகாது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவர் பாதுகாப்பும், குடியிருக்கும் உரிமையும், பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இலவசமானவை. இவற்றை நாடுவது குடும்ப மானத்தைக் கெடுப்பதாகாது.

பெரியவர்களும் ஜமாஅத்தும்

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், தம்பதியரிடையே பிளவு ஏற்படும் எனும் அச்சம் தோன்றினால் இருதரப்புக் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு வழிகாட்டுகிறது. முறிந்த பின்பு அல்ல, அச்சம் தோன்றும்போதே என்பது நாம் கவனிக்க வேண்டியது. நம் பஞ்சாயத்துகளோ எல்லாம் முறிந்த பிறகே கூடுகின்றன. அங்கே மஹர் பேசப்படுகிறது, நகை பேசப்படுகிறது, சீர்வரிசைப் பாத்திரங்கள்கூட எண்ணப்படுகின்றன. பிள்ளைகள் "இரண்டு" என்று ஓர் எண்ணாக மட்டும் ஏட்டில் ஏறுகின்றனர். அந்த இருவரும் எங்கே படிக்கின்றனர், யாரிடம் மனம்விட்டுப் பேசுகின்றனர் என்று விசாரிக்கும் ஜமாஅத் எத்தனை?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றார்கள். மருமகன் அலீ (ரலி) அவர்கள் அங்கே இல்லை. தங்களுக்குள் சிறு மனத்தாங்கல், கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார் என்று மகள் கூறினார்கள். நபிகளார் பள்ளிவாசலுக்குச் சென்று பார்க்க, அலீ (ரலி) மேலாடை நழுவி, உடலில் மண் படியப் படுத்திருந்தார்கள். நபிகளார் அந்த மண்ணைத் தம் கையால் தட்டிவிட்டு, மண்ணின் தந்தையே என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். என்ன சண்டை, யார்மீது தவறு என்று விசாரித்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. மகளுக்காக மருமகனை ஏசவுமில்லை. மாமனார்களே, மாமியார்களே! மகளின் கண்ணீரைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துச் சம்பந்தியோடு போர் தொடுக்கும் முன் இந்நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

மக்தப்களை நடத்துவோர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிள்ளைகள் குர்ஆனை ஓதி முடித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நம்மிடமிருந்து விடைபெற்றுவிடுகின்றனர். ஆபத்தான வயது தொடங்கும்போது நம் கதவு மூடிக்கொள்கிறது. வாரம் ஒருநாள் அந்த வயதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம், கேட்க ஒரு நல்ல மனிதர்: இவ்வளவு செய்தாலே பெரிது. கோவாவில் 12 முதல் 16 வயதுடைய 2,048 பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வும், குடும்பத்தின் ஆதரவு வலுவாக இருந்தவர்களிடம் மனநோய் குறைவாக இருந்ததையே கண்டது. குடும்பம் தளரும் இடத்தில் சமுதாயம் தோள் கொடுக்கலாமே!

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளையைத் தூதனாக்காதீர்கள். "உங்க அத்தாகிட்ட போய்ச் சொல்லு" என்ற சொல்லையே வீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். வேவு பார்க்கவும் விடாதீர்கள்.

பைக், கைப்பேசி, செலவுக்குப் பணம், இரவு வீடு திரும்பும் நேரம் ஆகிய நான்கைப் பற்றியும் சண்டையில்லாத ஒரு நாளில் இருவரும் பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். மற்றவற்றில் வேறுபட்டாலும் இந்நான்கில் ஒரே குரலில் பேசுங்கள்.

ஷிஃப்ட் அட்டவணையைச் சுவரில் மாட்டி, வாரத்தில் எந்த ஒரு வேளை அனைவரும் ஒன்றாக உண்ண முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் கடன் பேச்சு வேண்டாம்.

சண்டையைப் பிள்ளை கேட்டிருந்தால், முடிந்ததையும் கேட்கட்டும். "நீ காரணமில்லை" என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

மாமாவோ, சாச்சாவோ, ஆசிரியரோ, பிள்ளை நம்பிப் பேசும் ஒரு பெரியவர் இருக்கட்டும். அவரிடம் பிள்ளை சொன்னதை அவர்மூலம் துருவிக் கேட்காதீர்கள்.

பூசல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் கெட்டுவிடுவதில்லை. அமைதியான வீட்டிலிருந்தும் வழி தவறுவோர் உண்டு. பிள்ளையின் போக்கே பெற்றோரின் சண்டைக்குக் காரணமாவதும் உண்டு. ஆகவே, வழி தவறிய ஒரு பையனைக் காட்டி அவன் தாயையோ தந்தையையோ தெருவில் நிறுத்திக் குற்றம் சுமத்த இக்கட்டுரையை எவரும் பயன்படுத்த வேண்டாம். அவரவர் தம் வீட்டை எண்ணிப் பார்க்கவே இது எழுதப்பட்டது.

வாடகை வீடு சிறியதாக இருக்கலாம். வருமானம் குறைவாக இருக்கலாம். ஷிஃப்ட் நம் கையில் இல்லாமலிருக்கலாம். ஒருவரிடம் ஒருவர் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. இன்றிரவு பாயில் கண்மூடிப் படுத்திருக்கும் பிள்ளை உண்மையாகவே உறங்கட்டும். அத்தகைய இல்லங்களை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.